தினம் 48 ஆயிரம் குடம் தண்ணீர் குடிக்கும் கட்டடம்!

மாரண்டஹள்ளிக்கு டேட்டா சென்டர் வந்தால், யாரைக் கேட்டு வரும்?

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகச் சேலம் போகும் ரயில் பாதையில், ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது மாரண்டஹள்ளி. தருமபுரி ஜில்லா, பாலக்கோடு தாலுகாவைச் சேர்ந்த பேரூராட்சி. "ஹள்ளி" என்றால் கன்னடத்தில் கிராமம் என்று பொருள். கடைத் தெருவில் சற்று நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். சுற்றிலும் தக்காளித் தோட்டம், ராகிக் கொல்லை, தென்னந்தோப்பு, மாந்தோப்பு. சற்றுத் தூரத்தில் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை.

தக்காளிக் கூடைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, டீக்கடை வாசலில் நின்ற ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தோம். டேட்டா சென்டர் என்று ஒன்று உண்டு, அதில் ஆயிரக் கணக்கான கம்ப்யூட்டர்கள் இருக்கும், அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்று சொன்னோம்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நம்மைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க தண்ணி?"

நல்ல கேள்வி! இன்று உலகத்தின் பல ஊர்களில், நகரசபைக் கூட்டங்களில் ஜனங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான். சில ஊர்கள் அதை முதலிலேயே கேட்டன, பிழைத்தன. சில ஊர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டன, தவித்தன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாரண்டஹள்ளியில் டேட்டா சென்டர் கட்டப் போகிறோம் என்று யாரும் திட்டத்துடன் வந்து நிற்கவில்லை. ஆனால் நிலம் இருக்கிறது; ரயில் இருக்கிறது; தொழில் பெருகும் ஓசூரும், கம்ப்யூட்டர் தொழிலுக்குப் பெயர் போன பெங்களூரும் அதிகத் தூரம் இல்லை. இப்படிப்பட்ட ஊர்களைத் தேடித்தான் பெரிய கம்பெனிகள் வருகின்றன. வந்த பிறகு விழிப்பதைவிட, வருமுன் யோசிப்பது நல்லதல்லவா?

உஷ்ணத்தை விரட்டும் வேலை

நீங்கள் செல்போனில் பணம் அனுப்புகிறீர்கள். ரயிலுக்கு டிக்கெட் எடுக்கிறீர்கள். பேரனின் போட்டோவைத் துபாயிலிருந்து மகன் அனுப்புகிறான். இந்தக் கணக்கும் படமும் ஆகாயத்தில் மிதக்கவில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. அந்தக் கட்டடம்தான் டேட்டா சென்டர். தரவு மையம் என்று தமிழில் சொல்கிறார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர்கள் இரவு பகல் ஓய்வதில்லை. அவை சாப்பிடும் மின்சாரம் அவ்வளவும் கடைசியில் உஷ்ணமாக மாறுகிறது. உஷ்ணத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் யந்திரங்கள் கெட்டுப் போகும். நம் வீட்டுப் பெண்கள் மண்பானையில் தண்ணீர் வைக்கிறார்கள் அல்லவா? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகிப் போகும்போது உஷ்ணத்தையும் கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. அதே தத்துவம்தான். பெரிய கோபுரங்களில் தண்ணீரைத் தெளித்து, ஆவியாக்கி, அந்த ஆவியோடு உஷ்ணத்தை வெளியே அனுப்புகிறார்கள்.

இதற்கு எவ்வளவு தண்ணீர் ஆகும்? பென்சிலும் காகிதமும் இருந்தால் நீங்களே கணக்குப் போடலாம்.

1 யூனிட் மின்சாரம் கிளப்பும் உஷ்ணத்தை ஆவியாக்கி வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். இது பௌதிகக் கணக்கு; கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. 20 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தக் காலத்துக்கு இது நடுத்தரமானதுதான். விசாகப்பட்டினத்தில் கூகிள் கம்பெனி அமைக்கப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்த திட்டம் 1,000 மெகாவாட் கணக்கில் பேசப்படுகிறது!

20 மெகாவாட் யந்திரங்கள் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் யூனிட். அந்த உஷ்ணம் முழுவதையும் ஆவியாக்கியே விரட்டினால் 7 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 48 ஆயிரம் குடம்! கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. அந்த அளவில் பார்த்தால் இது 13 ஆயிரம் பேருக்குப் போதுமான தண்ணீர்.

தண்ணீரா, மின்சாரமா?

"எங்கள் யந்திரத்துக்குத் தண்ணீரே வேண்டாம்" என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. அது பொய் அல்ல. வீட்டு ஏ.சி. மாதிரி, காற்றைக் கொண்டே உஷ்ணத்தை விரட்டும் முறை இருக்கிறது. அதற்குத் தண்ணீர் மிகக் குறைவு. ஆனால் மின்சாரம் அதிகம். வெயில் ஏற ஏற அந்த மின்சாரச் செலவும் ஏறும். ஒரு பக்கம் மிச்சம் பிடித்தால் மறுபக்கம் செலவு. இதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

மின்சாரத்தின் அளவையும் பாருங்கள். 2016-ல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று சர்க்கார் அறிவித்தது நினைவிருக்கும். நாம் சொன்ன 20 மெகாவாட் கட்டடம் இரண்டு மாதத்தில் இழுக்கும் மின்சாரம், அந்த 100 யூனிட் கணக்கில் 2 லட்சத்து 88 ஆயிரம் வீடுகளுக்குச் சமம். இது கம்ப்யூட்டர்களுக்கு மட்டும். குளிர்விக்கும் யந்திரங்களின் செலவு தனி.

2024-ல் உலகத்தின் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவிகிதத்தை டேட்டா சென்டர்களே இழுத்தன என்று சர்வதேச எரிசக்தி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2030-க்குள் இந்த அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பதும் அதன் மதிப்பீடு.

தருமபுரித் தண்ணீரின் கதை

சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய டேட்டா சென்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடலுக்கடியில் வரும் கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுவதால் அங்கே அந்தத் தொழில் வளர்ந்தது. சென்னையில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தினம் 4 கோடியே 50 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் திறன் உள்ளது. குடிதண்ணீரைத் தொடாமல் தொழிலை நடத்த அங்கே வழி உண்டு.

மாரண்டஹள்ளியில் அப்படிப்பட்ட நிலையம் ஏது? இங்கே இருப்பது ஏரி, கிணறு, போர், சின்னாறு. தருமபுரி ஜில்லாவின் பாறைக்கடியில் ஊறும் தண்ணீருக்கு ஒரு துர்க்குணமும் உண்டு. அதில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் கறை விழும். நாள் பட்டால் எலும்பைப் பாதிக்கும். இந்த ஜில்லாவின் பல கிராமங்களில் பல் காவியேறிய பிள்ளைகளையும், மூட்டு மடங்காத முதியவர்களையும் பார்த்தவர்களுக்கு இது புத்தக விஷயம் அல்ல.

அதற்காகத்தான் ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வரப்பட்டது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் ஊர்களுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் பின்னால் அவ்வளவு செலவும் உழைப்பும் இருக்கிறது.

இந்த இடத்தில் டேட்டா சென்டருக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்தால் என்ன ஆகும்? குளிர்விக்கும் கோபுரத்தில் தண்ணீர் மட்டுமே ஆவியாகும். அதில் கரைந்த உப்பு ஆவியாகாது. நாலு குடம் தண்ணீர் ஒரு குடமாக வற்றினால், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமாக இருந்த ஃபுளோரைடு 6 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். அந்தக் காரத் தண்ணீரை எங்காவது விட்டுத்தானே ஆக வேண்டும்? ஓடையில் விட்டால் சின்னாற்றுக்குப் போகும். சின்னாறு ஒகேனக்கலில் காவிரியோடு சேருகிறது. ஆகவே தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் மட்டும் போதாது. மிஞ்சிய தண்ணீர் எங்கே போகும் என்றும் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சரி, கேட்பது யார்? கேட்கும் அதிகாரம் மாரண்டஹள்ளிக்கு உண்டா?

1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நகர உள்ளாட்சி மன்றங்களுக்காக 12-வது அட்டவணையைச் சேர்த்தது. அதில் 18 விஷயங்கள் இருக்கின்றன. நகரமைப்பு, நிலத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல், வீட்டுக்கும் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் தண்ணீர் வழங்குதல் ஆகியவை அதில் அடக்கம். படித்தால் மனம் குளிர்கிறது! ஆனால் இவற்றில் எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநில சர்க்கார்தான் தீர்மானிக்க வேண்டும்.

நடைமுறையில் பெரிய கட்டடங்களுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். புகைக்கும் கழிவு நீருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். மின்சாரம் மின் வாரியத்தின் கையில். கம்பெனிக்காரர்கள் அலையாமல் இருக்க, எல்லா அனுமதிகளையும் ஒரே இடத்தில் வாங்கும் ஒற்றைச் சாளர முறையும் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சாளரம் சென்னையில் திறக்கிறது, மாரண்டஹள்ளியில் அல்ல. பேரூராட்சி மன்றத்தின் மேஜைக்கு ஃபைல் வரும்போது, முக்கியமான முடிவுகள் ஆகியிருக்கக் கூடும்.

இதைவிட விசித்திரமான விஷயம் ஒன்று உண்டு. மத்திய சர்க்காரின் 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பெரிய சர்க்கரை ஆலை ஒன்று புதிதாக வந்தால் ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். டேட்டா சென்டருக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. 20 ஆயிரம் சதுர மீட்டர், அதற்கு மேல் என்றால், "கட்டடம்" என்ற வகையில் அனுமதி வாங்க வேண்டும். கட்டட வகைக்கு ஜனங்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவை இல்லை! பெரிய கல்யாண மண்டபத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன விதியோ, அதே விதிதான் 48 ஆயிரம் குடம் குடிக்கும் கட்டடத்துக்கும்.

சர்க்கார்கள் இந்தத் தொழிலை வரவேற்கின்றன. தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ல் டேட்டா சென்டர்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. மத்திய சர்க்கார் 2022-ல், 5 மெகாவாட்டுக்கு மேற்பட்ட டேட்டா சென்டர்களை அடிப்படைக் கட்டமைப்புத் தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. சாலை, துறைமுகம் போன்ற அந்தஸ்து! அதே சமயம், நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2003-ல் செய்த சட்டம் 2013-ல் ரத்தாயிற்று. அழைப்பிதழ் தயார், வீட்டு வாசலில் கேள்வி கேட்கத்தான் ஆள் குறைவு.

பிளாச்சிமடை சொல்லும் பாடம்

"சிறிய பஞ்சாயத்து பெரிய கம்பெனியை என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்பவர்கள் பொள்ளாச்சியைத் தாண்டிக் கேரள எல்லைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பாலக்காடு ஜில்லா, பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை.

அங்கே 2000-ல் கோகோ-கோலா கம்பெனியின் ஆலை பஞ்சாயத்தின் உரிமத்தோடு தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் குறைந்தது, கெட்டது என்று ஜனங்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண்மணி அதன் முன்னணியில் நின்றார். 2003 ஏப்ரலில், உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று பஞ்சாயத்து தீர்மானித்தது.

வழக்கு கேரள ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. நிலத்தடி நீர் பொதுச் சொத்து. தன் நிலத்தில் இருக்கிறது என்பதற்காக ஒருவர் அளவில்லாமல் உறிஞ்சிவிட முடியாது என்று 2003 டிசம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2004-ல் ஆலை நின்றது. 2005-ல் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, நிபந்தனைகளோடு தினம் 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஆலையைத் திரும்பத் திறக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனி அங்கே தெரிவித்தது 2017-ல்!

உரிமம் கொடுத்து 17 வருஷம். கம்பெனிக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம். இதில் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பதைவிட, 2000-ல் உரிமம் கொடுத்த அன்று "தினம் எத்தனை லிட்டர்?" என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கி, அதை நிபந்தனையாக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோர்ட்டு 2005-ல் லிட்டர் கணக்குப் பேசியது. அதை முதல் நாளே பஞ்சாயத்தில் பேசியிருக்கலாம்.

கடல் கடந்த ஊர்கள்

டேட்டா சென்டர் விஷயத்திலேயே பிற நாட்டு ஊர்கள் கற்ற பாடங்கள் பல.

அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்தில் தி டேல்ஸ் என்று ஒரு சிறு நகரம். அங்கே கூகிள் கம்பெனியின் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அவை எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று ஒரு பத்திரிகை கேட்டது. நகரசபை சொல்ல மறுத்தது; வியாபார ரகசியம் என்றது. மறைத்து வைக்க 2021-ல் கோர்ட்டுக்கே போயிற்று! கடைசியில் 2022 டிசம்பரில் கணக்கு வெளியே வந்தது. நகரம் உபயோகிக்கும் மொத்தத் தண்ணீரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் டேட்டா சென்டர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. ஊர்த் தண்ணீரின் கணக்கு ஊராருக்கே ரகசியம்!

ஹாலந்து தேசத்தில் ஸேவோல்டே என்பது விவசாயம் மிகுந்த சிறிய ஊர். ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா, அங்கே 166 ஹெக்டேரில், அதாவது 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் டேட்டா சென்டர் கட்டத் திட்டமிட்டது. 2021 டிசம்பரில் ஊர் மன்றம் சம்மதித்தது. ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. 2022 மார்ச்சில் தேர்தல் வந்தது. திட்டத்தை எதிர்த்த உள்ளூர்க் கட்சி ஜெயித்தது. அதே வருஷம் ஜூலையில் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது.

பாலைவன நகரமான டூசானில், 2025 ஆகஸ்டில் நகரசபை அங்கத்தினர்கள் அனைவரும் ஒரு பெரிய திட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். திட்டக்காரர்கள் அதோடு போய்விடவில்லை. காற்றால் குளிர்விக்கும் முறைக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று பிறகு அறிவித்தார்கள். ஊர் கேள்வி கேட்டால் யந்திரத்தின் அமைப்பே மாறும் என்பதற்கு இது அத்தாட்சி.

இதில் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து லௌடன் ஜில்லாவில் உலகத்திலேயே மிக அதிகமான டேட்டா சென்டர்கள் கூடியிருக்கின்றன. அவை கட்டும் வரியால் அந்த ஜில்லா செழித்தது. பள்ளிக்கூடங்கள் பயன் பெற்றன. ஆனாலும், குறிப்பிட்ட பகுதிகளில் யாரையும் கேட்காமல் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்த சலுகையை 2025 மார்ச்சில் அந்த ஜில்லா மன்றம் எடுத்துவிட்டது. பணம் பார்த்த ஊரே, இனி ஒவ்வொன்றையும் தனித் தனியாக விசாரித்துத்தான் அனுமதிப்போம் என்கிறது.

நம் ஜனங்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரில் 2019 முதல் சில வருஷம் புது டேட்டா சென்டர்களுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-ல் திரும்பத் திறந்தபோது, மின்சாரச் சிக்கனத்தில் கடுமையான நிபந்தனைகள் விதித்தார்கள். பக்கத்து ஜொகூர் ராஜ்யம் 2024-ல் தனிக் குழு அமைத்து, ஒவ்வொரு மனுவையும் தண்ணீர், மின்சாரக் கணக்கோடு பரிசீலிக்கத் தொடங்கியது.

மாரண்டஹள்ளி கேட்க வேண்டியவை

டேட்டா சென்டரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது நியாயமும் அல்ல. வரியும் வரலாம், நல்ல சாலையும் வரலாம். ஆனால் பெரிய கம்பெனி வந்து நின்றால், மாரண்டஹள்ளிப் பேரூராட்சி மன்றமும், சுற்றியுள்ள ஊராட்சிகளின் கிராம சபைகளும் கையெழுத்துக்கு முன்னால் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அவை இவை:

1. இன்று எத்தனை மெகாவாட்? முழுவதும் கட்டி முடித்தபின் எத்தனை மெகாவாட்? (முதல் கட்டத்தை மட்டும் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் கூடாது.)

2. தண்ணீர் எங்கிருந்து வரும்? ஏரியா, போரா, ஒகேனக்கல் குழாயா? வருஷச் சராசரி வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?

3. குளிர்விக்கும் முறை எது? தண்ணீர் குறைவான முறையானால், கூடுதல் மின்சாரம் எவ்வளவு? அதனால் விவசாய பம்புசெட்டுகளுக்கு வோல்டேஜ் குறையாது என்று மின் வாரியம் எழுதித் தருமா?

4. உப்பேறிய கழிவு நீர் எங்கே போகும்? அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று யார் சோதிப்பது?

5. மின்சாரம் நின்றால் ஓடும் டீசல் ஜெனரேட்டர்கள் எத்தனை? வீடுகள் உள்ள பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்பது 2000-ம் வருஷத்து விதி. அது காப்பாற்றப்படுமா?

6. கட்டும் காலத்தில் பல நூறு பேருக்கு வேலை இருக்கும். கட்டி முடிந்தபின் நிரந்தர வேலை எத்தனை? அதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை?

7. இந்தக் கணக்குகளை மாதா மாதம் பேரூராட்சி அலுவலக நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்களா?

ஏழாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். தி டேல்ஸ் நகரத்துக்கு வந்த கதி நமக்கு வரக் கூடாது. கணக்கு வெளியே தெரிந்தால் பாதி நிர்வாகம் தானே சரியாகிவிடும்.

சர்க்காரும் செய்ய வேண்டியது இருக்கிறது. ஒரு அளவுக்கு மேற்பட்ட டேட்டா சென்டருக்கு, ஆலைகளுக்குப் போலவே ஜனங்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் என்று விதி செய்ய வேண்டும். ஒற்றைச் சாளரத்தில் உள்ளூர் மன்றத்துக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். இதனால் தொழில் ஓடிவிடாது. பின்னால் வரும் வழக்குக்கும் மறியலுக்கும் பயந்தல்லவா நல்ல கம்பெனிகள் தயங்குகின்றன? முதலிலேயே நிபந்தனை தெளிவாக இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22-ம் ஒன்று. அது உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு இந்தப் பட்டியலைப் படித்து, ஒரு தீர்மானமாக நிறைவேற்றி வைத்தால் போதும். கம்பெனி வரும்போது தீர்மானம் தயாராக இருக்கும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பெரியவர்கள் சொன்னது.

டீக்கடையில் நாம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது, அந்த விவசாயி காலி டம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரில் நாலு டம்ளர்களை முக்கி எடுத்துக் கழுவினார். அதே தண்ணீரைக் கடையோரம் இருந்த முருங்கைக் கன்றுக்கு ஊற்றினார்.

"பாத்தீங்களா, எங்க ஊர்ல தண்ணி இப்படித்தாங்க செலவாகுது" என்றார் விவசாயி. "வர்றவங்க வரட்டும். கணக்கை மட்டும் முன்னாடியே காட்டச் சொல்லுங்க."